பவரைக் குறைக்க வந்தவள்

எங்கள் தொழிலில் வாடிக்கையாளரைத் திருப்திப்படுத்த ஒரே வழிதான் இருக்கிறது: அவர் கேட்டதைச் செய்துவிட்டதாகச் சொல்லிவிட்டு, அதற்கு நேர் எதிரானதைச் செய்வது.

இதைப் படிக்கிற நீங்களும் பாதிக்கப்பட்டவர்தான். திரையில் வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். மோடத்தை அணைத்துப் போட்டிருப்பீர்கள், தலையில் ஒரு தட்டு தட்டியிருப்பீர்கள், அதுவும் பலிக்காமல் ஜன்னல் பக்கமாகத் திருப்பி வைத்துப் பார்த்திருப்பீர்கள். அப்புறம் புகார் நம்பருக்குப் போன் செய்து, உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒரு பெண் குரல் சொல்லச் சொல்ல, அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி எந்த ஊர் என்று விசாரிக்கத் தோன்றியிருக்கும். நானும் பாதிக்கப்பட்டவள்தான். கடைசியில் நீங்கள் வாசலில் நிறுத்திவைத்துத் திட்டுகிற ஆள் நான்.

பெயர் இசக்கியம்மாள். தென்காசியில் ஒரு டெலிபோன் கம்பெனியில் பிராட்பேண்ட் பிரிவு. பழைய செப்புக் கம்பியிலேயே இன்டர்நெட்டை அனுப்புகிற டிஎஸ்எல் லைன்கள் என் பொறுப்பு. ஊரெல்லாம் ஃபைபருக்கு மாறிவிட்டதே என்பீர்கள். நான் சொல்லப்போகிற தெருவுக்கும் ஃபைபர் வருவதாகத்தான் இருந்தது. முதலில் குழி வந்தது. மூன்று வருஷமாகக் குழி மட்டும் இருக்கிறது.

அந்தத் தெரு குற்றாலம் ரோட்டிலிருந்து பிரிந்து, ஒரு தென்னந்தோப்பைச் சுற்றிக்கொண்டு, முக்கால் கிலோமீட்டர் போய் முடிகிறது. அதன் கடைசி வீட்டில் ஒரு பெண், போன சீசனில், தன் புருஷனோடு சண்டை போட வழியில்லாமல் தவித்துப்போனாள். அதற்குக் காரணம் நான். அதைத்தான் சொல்லப்போகிறேன். நடுவில் என் மேல் கோபம் வந்தால் வரிசையில் நில்லுங்கள். உங்களுக்கு முன்னால் பல பேர் நிற்கிறார்கள்.

யார் வீட்டுச் சுவர்?

தெருவுக்கு லைன் பிரித்துக் கொடுக்கிற எங்கள் இரும்புப் பெட்டி, தெருமுனையில் உள்ள ஒரு லாட்ஜின் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி நிற்கிறது. லாட்ஜ் சங்கரபாண்டி அண்ணாச்சியுடையது. சாரல் விழ ஆரம்பித்ததும் எல்லா ரூமும் நிறைந்துவிடும். வருகிறவர்கள் அருவியில் தலையைக் காட்டுவது அரை மணி நேரம். மிச்ச நேரமெல்லாம் கட்டிலில் படுத்துப் போனைப் பார்ப்பது. அதனால் அண்ணாச்சிக்கு வெந்நீருக்கு அடுத்தபடி வைஃபைதான் முக்கியம்.

"எனக்கு ஃபுல் பவர் வேணும்" என்று லைன் கொடுத்த அன்றைக்கே சொன்னார். நான் விளக்கிப் பார்த்தேன். மோடம் வாங்குகிற கருவி மட்டுமில்லை அண்ணாச்சி, திருப்பி அனுப்புகிற கருவியும்கூட. உங்கள் மோடம் அந்தப் பெட்டியோடு பேசுகிறது. பெட்டி பக்கத்திலேயே இருப்பதால் மெதுவாகப் பேசினாலே போதும். தெருவில் எல்லா வீட்டுக் கம்பியும் ஒரே கேபிளுக்குள் ஒட்டிக்கொண்டு வருகின்றன. நீங்கள் சத்தமாகப் பேசினால் அது பக்கத்துக் கம்பிகளில் இரைச்சலாக ஏறும். கடைசி வீட்டு மோடத்தின் குரல் இங்கே வந்து சேரும்போது தேய்ந்துதான் வரும். அந்த இரைச்சலில் அது அமுங்கிப்போகும். திருநெல்வேலி பஸ்சில் முன் சீட்டுக்காரர் போனில் கத்தினால், கடைசி சீட்டுக்காரர் இறங்குமிடம் சொல்வது டிரைவர் காதில் விழுமா? அதனால்தான் பெட்டிக்குப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் நாங்கள் பவரைக் குறைத்து வைக்கிறோம். உங்களுக்கு அதனால் ஒரு குறையும் வராது.

அண்ணாச்சி கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். நடுவில் எனக்கு ஒரு டீகூட வரவழைத்தார். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார்: "நீ சொல்லுதது எல்லாம் சரிதாம்மா. ஆனா பெட்டி யார் வீட்டுச் சுவத்துல சாஞ்சு நிக்கு? அதுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?"

மைனஸில் சப்ளை

லாட்ஜிலிருந்து நாலு வீடு தள்ளி ராமச்சந்திரன் சார் இருக்கிறார். கரண்ட் ஆபீசில் என்ஜினியராக இருந்து ரிட்டயர் ஆனவர். மோடத்துக்குள்ளேயே ஒரு பக்கம் உண்டு. கம்ப்யூட்டரில் அதைத் திறந்தால் சிக்னல் எவ்வளவு, இரைச்சல் எவ்வளவு, மோடம் எவ்வளவு பவரில் அனுப்புகிறது என்றெல்லாம் காட்டும். சாதாரண மனிதர்கள் யாரும் அதைத் திறப்பதில்லை. சார் காலையில் பேப்பர் படிப்பதற்கு முன்னால் அதைத்தான் படிப்பார்.

ஒருநாள் அவசரமாக வரச் சொன்னார். போனால், திரையில் ஒரு எண்ணை விரலால் குத்திக் காட்டினார். அனுப்பும் பவர், மைனஸ் ஆறு. மைனஸ் என்றால் என் வீட்டிலிருந்து நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றுதானே அர்த்தம் என்று கேட்டார். இல்லை சார், எங்கள் அளவில் சைபர் என்பது சைபர் இல்லை, அது ஒரு பொடி அளவு. அதைவிடக் குறைவாக இருந்தால் மைனஸ் என்று காட்டும், உங்கள் வீடு பெட்டிக்குப் பக்கம், இதுவே தாராளம் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, எண்ணையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சர்வீஸ் பூரா இந்தத் தாலுகாவுக்கே கரண்ட் கொடுத்தவன்ம்மா நான். மைனஸ்ல சப்ளை கொடுக்குத ஆபீசை இப்பத்தான் பாக்கேன்."

மேலிடத்துப் போன்

இனிமேல்தான் என் தப்பு வருகிறது. அண்ணாச்சியின் மைத்துனருக்கு எங்கள் கம்பெனியின் பெரிய அதிகாரி ஒருவரைத் தெரியும். அதிகாரி எனக்குப் போன் செய்தார். "அந்த லாட்ஜுக்குக் கொஞ்சம் பார்த்துப் பண்ணிக் கொடும்மா" என்றார். சார், டெக்னிக்கலாக அது சரியில்லை என்று ஆரம்பித்தேன். "டெக்னிக்கலா யாரு கேட்டா?" என்றார். கம்ப்யூட்டரில் மூன்று இடத்தில் அமுக்கினேன். லாட்ஜ் மோடத்துக்குப் போட்டிருந்த பவர் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டேன். முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சீசன் நேரத்தில் யாரோடும் மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை.

லாட்ஜின் வேகம் ஒரு மயிரிழைகூடக் கூடவில்லை. ஆனால் அண்ணாச்சி மறுநாளே போன் செய்து, படம் கண்ணாடி மாதிரி வருகிறது என்றார். அதோடு விட்டிருக்கலாம். தனக்கு ஸ்பெஷல் பவர் வந்திருப்பதைத் தெருவில் ஒருவர் விடாமல் சொன்னார். ராமச்சந்திரன் சார் அன்று மாலையே ஆபீசுக்கு வந்துவிட்டார். அடுத்து ட்யூஷன் எடுக்கிற டீச்சர், அடுத்து ஜவுளிக் கடைக்காரர் வீடு. ஒருவருக்குக் கொடுத்துவிட்டு இன்னொருவருக்கு இல்லையென்று சொல்ல நமக்கு வாய் வருமா? பத்து நாளில் பதினொரு வீட்டுக்குக் கூட்டிக் கொடுத்தேன். பதினொரு மோடமும் ஒரே கேபிளுக்குள் ஒன்றையொன்று தோற்கடிக்கக் கத்தின. ஒன்று பேசுவது இன்னொன்றுக்கு இரைச்சல். லைன் அறுந்து அறுந்து எழும்ப ஆரம்பித்தது. தெரு முழுக்க மோடங்களில் விளக்கு கண்ணடித்தது.

முதல் புகார் அண்ணாச்சியிடமிருந்துதான் வந்தது. லைன் போய்விட்டதற்காக அவர் கோபப்படவில்லை. "எல்லாருக்கும் கொடுத்துட்டா, அப்புறம் எனக்குக் கொடுத்ததுக்கு என்னம்மா அர்த்தம்?"

குரங்கு

ஒவ்வொரு புகாரையும் முடிக்கும்போது என்ன காரணம் என்று எழுத வேண்டும். எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு வசதி உண்டு. மழை பெய்தால் சாரல் என்று எழுதலாம். மழை பெய்யாவிட்டால் குரங்கு என்று எழுதலாம். குற்றாலத்துக் குரங்குகள் நிஜமாகவே வயரில் தொங்கும், கடிக்கும், மாடியிலிருந்து மோடத்தையே தூக்கிக்கொண்டு போனதும் உண்டு. அதனால் மேலே இருப்பவர்கள் யாரும் குரங்கைக் கேள்வி கேட்பதில்லை.

அந்தத் தெருவிலிருந்து வந்த எல்லாப் புகாருக்கும் குரங்கு, குரங்கு, குரங்கு என்று எழுதி முடித்தேன். இஷ்டத்துக்குப் பவரைக் கூட்டினேன் என்று என் கையாலேயே எப்படி எழுதுவேன்? எங்கள் லைன்மேன் சுடலைமுத்து, அதிகம் பேசாத ஆள். கம்பத்தில் ஏறி இறங்கி, கேபிளெல்லாம் சுத்தமாக இருக்கிறது, ஒரு பல் தடம்கூட இல்லை என்று எனக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தார். நான் எழுதுவதை என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"நீங்க குரங்கு பேருல எழுதுததுல எனக்கு ஒண்ணும் இல்ல மேடம். அது வந்து கேட்டா நீங்களே பதில் சொல்லிக்கிடுங்க."

கடைசி வீடு

குரங்கு வரவில்லை. செய்தம்மாள் வந்தாள். கடைசி வீட்டுக்காரி. ஏழு தடவை புகார் கொடுத்து, ஏழு தடவையும் குரங்கு என்று பதில் வாங்கியவள். "எங்க வீட்டுப் பக்கம் ஒரு குரங்கும் கிடையாது மேடம், நாங்க நாய் வளக்கோம்" என்று என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு அவள் பின்னாலேயே போனேன்.

வீட்டில் காலிங் பெல்லை அமுக்கினால் மணி அடிக்கவில்லை. உள்ளே ஒரு பல்பு எரிந்தது. தையல் மெஷினிலிருந்து ஒரு பெண் தலையைத் தூக்கினாள். செய்தம்மாளின் தம்பி மனைவி, மும்தாஜ். பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் கிடையாது. புருஷன் காஜாவும் அப்படித்தான். குவைத்தில் ஒரு லாண்டரியில் வேலை. இரண்டு பேரும் வீடியோவில் கையால் பேசிக்கொள்கிறவர்கள். மும்தாஜ் எனக்குக் காட்டுவதற்காகவே அவனைக் கூப்பிட்டாள். அவன் படம் பளிச்சென்று வந்தது. வருகிற பக்கம் பழுதில்லை. இவள் கையைத் தூக்கினாள். அவன் தலையைச் சாய்த்து, உன்னைக் காணோமே என்பதுபோல விரலைச் சுழற்றினான். போகிற பக்கம்தான் செத்துக் கிடந்தது. பதினொரு வீட்டுக் கூச்சலில் இவள் மோடத்தின் குரல் பெட்டிக்கு எட்டவே இல்லை. அங்கே அவன் திரையில் இவள் ஒரு போட்டோவாக நின்றுகொண்டிருந்தாள்.

விஷயத்தைச் செய்தம்மாள் சொன்னாள். காஜாவின் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்லி கம்பெனியில் கேட்டிருக்கிறார்கள், மாசக் கடைசிக்குள் சொல்ல வேண்டும். அவன் போடலாம் என்கிறான். இவள் கூடாது, வீட்டுக்கு வா என்கிறாள். ஆனால் சொல்ல முடியவில்லை. செல்போன் இருக்கிறதே என்றேன். சீசனில் அருவிக் கூட்டமெல்லாம் வீடியோ எடுத்து அனுப்பும்போது செல்போனில் ஒரு வரிகூடப் போவதில்லை, அதற்காகத்தான் உங்கள் லைனையே வாங்கினோம் என்றாள். எழுதி அனுப்பலாமே என்று நான் இன்னொரு அசட்டுக் கேள்வியும் கேட்டேன்.

"எழுதினா சரி சரின்னு ஒத்த வார்த்தையில முடிச்சிருதான் மேடம். கைய வீசி, கண்ண உருட்டிப் போடுத சண்டை எழுத்துல வருமா? பத்து நாளா அவன்தான் பேசுதான், இவ சும்மா நிக்கா. கல்யாணம் ஆன நாள்ல இருந்து இப்படி ஒண்ணு நடந்ததே இல்ல."

ஒரு மணி நேரம்

அன்றைக்கே ஆபீசில் உட்கார்ந்து பதினொரு வீட்டுக்கும் பவரைக் குறைத்தேன். யாரிடமும் கேட்கவில்லை, அதிகாரியிடமும் சொல்லவில்லை. பெட்டிக்கு மிகப் பக்கத்தில் உள்ளவருக்கு மிக அதிகமாகக் குறைப்பு. தள்ளிப் போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாக. முன்பு இருந்ததைவிடவும் கீழே இறக்கினேன். சுடலைமுத்து கொட்டுகிற சாரலில் கடைசிக் கம்பத்தில் ஏறி, ஈரம் ஏறியிருந்த ஒரு இணைப்பைப் பிரித்துப் புதிதாகப் போட்டார். கீழே அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றது நான். குடையால் அவருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. என் மனசுக்காகப் பிடித்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், காஜாவுக்கு லீவு நாள், நான் அந்த வீட்டில் இருந்தேன். மும்தாஜ் மெஷினை ஓரமாகத் தள்ளிவிட்டு, புடவை முந்தியை இழுத்துச் செருகிக்கொண்டு, கேமரா முன்னால் நின்றாள். கையைத் தூக்கினாள். அங்கே காஜாவின் முகம் மலர்ந்தது. இவள் அசைகிறாள்! அந்தச் சந்தோஷம் அவனுக்கு அரை நிமிஷம்கூட நீடிக்கவில்லை. பத்து நாள் பாக்கியும் மொத்தமாக வந்து விழுந்தது. கை, விரல், புருவம், உதடு எல்லாம் பேசின. அவன் இடையில் ஏதோ சொல்லக் கையெடுத்தான். இவள் உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினாள். நான் என் கையிலிருந்த கருவியில் சிக்னலைப் பார்த்தேன். இரைச்சலுக்கு மேலே ஒன்பது புள்ளி, ஆடாமல் அசையாமல் நின்றது. என்ன சொல்கிறாள் என்று செய்தம்மாளிடம் கிசுகிசுத்தேன். அந்த வீட்டில் கிசுகிசுக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதும் அப்போது எனக்கு மறந்துவிட்டது.

"அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாது மேடம். ஆனா இன்னும் ஒரு மணி நேரத்துக்கு லைனைத் தொட்டுறாதிய."

கேட்டால் கிடைக்கும்

கூச்சல் அடங்கினால் எல்லோருக்கும்தான் நன்மை. பதினொரு வீட்டிலும் லைன் அறுவது நின்றது. மோடங்களின் விளக்குகள் கண்ணடிப்பதை விட்டுவிட்டு ஒழுங்காக எரிந்தன. ட்யூஷன் டீச்சர் போனில் நன்றி சொன்னார். ஜவுளிக் கடைக்காரர் வீட்டிலிருந்து அல்வா வந்தது. வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் சுடலைமுத்து பிரித்துவிட்டார்.

அண்ணாச்சி நேரில் வந்தார். "கூட்டிக் கொடுத்திட்ட போலிருக்கே?" என்று கேட்டார். ஆமாம் அண்ணாச்சி என்றேன். தெருவிலேயே மிக அதிகமாகக் குறைத்தது அவருக்குத்தான். அவர் என்னை ஆசீர்வதிக்கிற மாதிரி பார்த்துவிட்டு, ஆபீசில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "வாய்விட்டுக் கேக்கணும்லா? நம்ம ஊருல கேக்காம எவன் பவரைக் கூட்டுதான்?"

சாரின் படையெடுப்பு

நான் ராமச்சந்திரன் சாரை மறந்துவிட்டேன். திங்கட்கிழமை காலையில், குடை, கண்ணாடி, செல்போனில் எடுத்த போட்டோ சகிதம் வந்து நின்றார். மைனஸ் பதினாறு! போன மாசம் மைனஸ் ஆறு, நடுவில் கூட்டினீர்கள், இப்போது மைனஸ் பதினாறு. என் பவர் எங்கே போயிற்று, யாருக்குக் கொடுத்தீர்கள், சொல்லாவிட்டால் இப்படியே கலெக்டர் ஆபீசுக்குப் போய் மனுக் கொடுக்கப்போகிறேன் என்றார். லைன் நன்றாக இருக்கிறதா சார் என்று கேட்டேன். பிரமாதமாக இருக்கிறது, அதுவா இப்போது பேச்சு என்றார்.

பொய் சொல்லித் தப்பிக்க முடியாத ஒரே வாடிக்கையாளர் அவர். வேறு வழியில்லாமல் கடைசி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் மனுவில் என்னென்ன எழுதப்போகிறார் என்று சொல்லிக்கொண்டே வந்தார். அங்கே சண்டையின் அடுத்த சுற்று நடந்துகொண்டிருந்தது. காஜா வேலைக்குப் போவதற்கு முன்னால் கூப்பிட்டிருந்தான். சார் வாசல்படியிலேயே நின்றுவிட்டார். மும்தாஜ் எங்களைக் கவனிக்கவில்லை. அவள் இரண்டு கையாலும் ஏதோ கேட்டாள். அங்கே காஜா சட்டையின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். சார் குடையை மடக்கினார், விரித்தார், மறுபடி மடக்கினார். வாங்க போகலாம் என்று என்னிடம் ஜாடை காட்டினார். அவருக்கும் கைப்பாஷை வந்துவிட்டது.

தென்னந்தோப்பைத் தாண்டியதும் சொன்னார்: "என் மோடத்துல வேணும்னா இன்னும் ரெண்டு புள்ளி குறைச்சுக்கிடுங்க. ஆனா அந்த லாட்ஜ்காரருக்கு என்னைவிட ஒண்ணாவது கூடக் குறைச்சிருக்கணும், ஆமா."

குறைப்பில் போட்டி

சார் தெருவில் போய்ச் சொல்லாமல் இருப்பாரா? கடைசி வீட்டுக் கதையையும் சொன்னார், அதற்காகத் தான் பவரை விட்டுக்கொடுத்ததையும் சொன்னார். கதை கால் பங்கு, விட்டுக்கொடுத்தது முக்கால் பங்கு. பொய் சொல்லிக் குறைத்தவள் என்று தெருவே திரண்டு வரப்போகிறது என்று லீவு போட யோசித்தேன்.

வந்தார்கள். ஆனால் வந்த விஷயம் வேறு. ட்யூஷன் டீச்சர், எனக்கு நாலு புள்ளிதான் குறைத்திருக்கிறீர்களாமே, ஏன், நான் மட்டும் மனுஷி இல்லையா என்று கேட்டார். ஜவுளிக் கடைக்காரர் தன் வீட்டு மோடத்தை மத்தியானம் முழுவதும் அணைத்தே வைத்திருப்பதாகப் பெருமையாகச் சொன்னார். தேவையில்லை, அதனால் யாருக்கும் பிரயோஜனமும் இல்லை என்றேன். அவர் கேட்கவில்லை. ஒரு மாசத்துக்கு முன்னால் கூட்டச் சொல்லி வந்த அதே வரிசை, அதே ஆட்கள், இப்போது குறைக்கச் சொல்லி நின்றார்கள். இதற்கு மேல் குறைத்தால் உங்கள் மோடம் பேசுவதே பெட்டிக்குக் கேட்காது, லைன் விழுந்துவிடும் என்று ஒவ்வொருவரிடமும் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். கடைசியில், ஒன்றுமே செய்யாமல், குறைத்துவிட்டேன் என்று சொல்லி அனுப்பினேன். எல்லோரும் திருப்தியாகப் போனார்கள்.

அண்ணாச்சி மட்டும் போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அந்தாளு சர்வீஸ் பூரா அடுத்தவன் வீட்டுக் கரண்டைக் கட் பண்ணிப் பழகினவரு. அவருக்குக் குறைக்கதுல என்ன பெருமை இருக்கு? நீ எனக்குக் குறைம்மா."

சரண்டர்

அடுத்த மாசம் முதல் வாரம் செய்தம்மாள் ஆபீசுக்கு வந்தாள். கையில் ஒரு மஞ்சப்பை. பின்னால் மும்தாஜ். அவளுக்குப் பின்னால், பயணப் பெட்டியைத் தூக்கித் தூக்கித் தோள் சரிந்த மாதிரி ஒரு மனுஷன். திரையில் பார்த்த முகம். கையெழுத்துப் போடவில்லை. திருவனந்தபுரத்தில் இறங்கி, செங்கோட்டை வழியாக வந்து சேர்ந்து நாலு நாள் ஆகிறதாம். நான் என்னை மறந்து எழுந்து நின்று, அவனைப் பார்த்துக் கை கூப்பினேன். அவனும் கூப்பினான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சுடலைமுத்து அவசரமாக ஒரு வயரைச் சுருட்ட ஆரம்பித்தார்.

செய்தம்மாள் மஞ்சப்பையை மேஜை மேல் வைத்தாள். உள்ளே மோடம், அதன் வயர், இணைப்பு டப்பா, எல்லாம் துடைத்துச் சுத்தமாக. லைனை எடுத்துவிடச் சொல்லி வந்திருக்கிறார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தத் தெருவிலேயே இன்றைக்கு நல்ல லைன் உங்களுடையதுதான், இதற்காகப் பதினொரு வீட்டோடு போராடியிருக்கிறேன், ஒரு சொட்டு இரைச்சல் கிடையாது, தயவுசெய்து வைத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். வாடிக்கையாளர் என்னிடம் கெஞ்சித்தான் எனக்குப் பழக்கம். மும்தாஜும் காஜாவும் எங்களைக் கவனிக்கவே இல்லை. சரண்டர் படிவத்தில் யார் கையெழுத்துப் போடுவது என்பதிலோ வேறு எதிலோ, ஜன்னல் பக்கம் நின்று மும்முரமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தத் தடவை அவனுக்கும் பேசச் சந்தர்ப்பம் கிடைத்துக்கொண்டிருந்தது. செய்தம்மாள் அவர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "இனி லைன் எதுக்கு மேடம்? ஆளையே கொண்டாந்து முன்னால நிப்பாட்டியாச்சுல்லா. பாருங்க, ஒரு தடங்கலும் இல்லாமப் போகுது."

இருபது வருஷ சர்வீஸில் ஒரு குறையும் சொல்ல முடியாதபடி நான் சரிசெய்து கொடுத்த ஒரே லைனின் வயரை, மறுநாள் மத்தியானம் கம்பத்திலிருந்து நானே அவிழ்த்து, சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தேன்.